மூன்று தடவை அழைத்தேன்

போன வருடம் பங்குனி மாதம். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் அறுவடை முடிந்து, வைக்கோல் எல்லாம் படப்பு ஏறி, கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்த நேரம். எங்கள் பகுதியில் விசேஷங்கள் வரிசை கட்டி நிற்கும் மாதம் அது. என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அந்த ஒரு வாரத்தில் நான் பட்ட பாட்டையும் வெட்கத்தையும் இப்போது நினைத்தாலும் தனியாகச் சிரித்துக்கொள்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கல்யாணமாகி ஊருக்கு வந்த பிறகு அந்தப் படிப்பெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான் அதைத் தூசு தட்டினேன்.

எங்கள் பக்கத்தில் மெயில் முகவரி என்பது பெரிய கூத்து. உதவித்தொகைக்கு மெயில் வேண்டும், சான்றிதழுக்கு மெயில் வேண்டும், வேலைக்கு மெயில் வேண்டும். ஏதோ ஒரு கடையில் போய் யாரோ ஒருவர் ஒரு முகவரியைத் திறந்து கொடுப்பார். பாஸ்வேர்டு அவருக்கும் ஞாபகம் இருக்காது, இவருக்கும் தெரியாது. முக்கியமான கடிதம் வரும் நாளில் பெட்டியைத் திறக்க முடியாமல் அழுதுகொண்டு நிற்பார்கள். ஒரு பெரியவருக்கு ஐந்து முகவரிகள் இருந்தன, ஐந்தும் தொலைந்து போயிருந்தன.

அதனால் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு மெயில் சர்வரே நடத்த ஆரம்பித்தோம். யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. முகவரியின் வால்பகுதியில் எங்கள் கண்மாயின் பெயர் இருக்கும். பாஸ்வேர்டு மறந்தால் அதைத் திரும்பப் பெற ஒரே வழி, என் கடைக்கு நேரில் வந்து திட்டு வாங்குவதுதான். முகத்தைப் பார்த்து, இன்னார் மகன், இன்னார் மருமகள் என்று தெரிந்துகொண்டுதான் திறந்து கொடுப்பேன். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எந்தக் கம்பெனியிடமும் இல்லை என்று எனக்கு அப்போது ஒரு திமிர் இருந்தது.

இரண்டு பேர் என்றேன் அல்லவா, இன்னொருவர் தொண்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். ஐம்பது வயது இருக்கும். கல்லூரிப் பக்கம் போனதில்லை, ஆனால் சர்வர் விஷயத்தில் என்னைவிடக் கூர்மை. காலையில் தொழுதுவிட்டு வந்து, மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோல் டீயோடு உட்கார்ந்து எந்த மெயில் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவுகளை வரி வரியாகப் படிப்பார். எனக்கு வாய் நீளம், அவருக்குக் காது நீளம். தினமும் போனில் பேசுவோம். நேரில் பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான்.

இனி காதுகுத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் விசேஷத்துக்கு ஒரு தடவை சொன்னால் அது சொன்னதாகாது. முதலில் வாய்வார்த்தையாகச் சொல்ல வேண்டும். பிறகு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கொடுக்க வேண்டும். கடைசியாக, விசேஷத்துக்கு முதல் நாள் ஒரு தடவை ஞாபகப்படுத்த வேண்டும். மூன்றாவது தடவை சொல்லாமல் விட்டால், "சும்மா பேருக்குச் சொல்லிருக்காக" என்று வராமலே இருந்துவிடுவார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்குச் சொல்லி அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் விட்டால் அந்தப் பகை பிள்ளை குட்டிகள் காலம் வரைக்கும் போகும்.

என் வீட்டுக்காரர் விவசாயி, அலட்டிக்கொள்ளாத மனிதர். அவரே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நடுங்கிப்போய்விடுவார்.

"சொந்தபந்தத்த நான் பாத்துக்கிறேன். ஒன்னோட கடைப் பழக்கம், மெயிலுப் பழக்கம்லாம் நீதேன் சொல்லணும். ஒருத்தரயும் விட்றாத, ஆமா" என்றார்.

நான் யாரையும் விடவில்லை. அதுதான் வினையே.

எங்கள் சர்வரோடு எப்போதாவது கடிதம் பரிமாறிய எல்லா முகவரிகளையும் பதிவுகளிலிருந்து மொத்தமாக எடுத்தேன். அதில் உதவித்தொகை அலுவலகங்கள் இருந்தன, பஸ் டிக்கெட் கம்பெனிகள் இருந்தன, செத்துப்போன முகவரிகள் இருந்தன, 'பதில் அனுப்ப வேண்டாம்' என்று தன் பெயரிலேயே எழுதி வைத்திருக்கும் முகவரிகள்கூட இருந்தன. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று பிரித்துப் பார்த்தால்தானே வம்பு? மற்றவர்கள் முகவரியை அப்படி எடுக்கவே கூடாது என்பது என் படிப்புக்குத் தெரியும். விசேஷ மும்முரத்தில் படிப்பு எங்கே ஞாபகம் இருக்கிறது! பிள்ளையார் படம் போட்டு, கிடா விருந்து எத்தனை மணிக்கு என்பது வரைக்கும் எழுதி, என் லேப்டாப்பிலிருந்து தானாகவே போகும்படி ஏற்பாடு செய்தேன். முறை மாறக் கூடாது என்று மூன்று தடவை. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, புதன்கிழமை ஒரு தடவை, விசேஷத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை ஒரு தடவை. ஏற்பாட்டை முடித்துவிட்டு எனக்கு நானே ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் திங்கள்கிழமை காலையில் கடை திறக்கும்போதே ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வயலில் நாற்று நட வரும் அக்காவின் மகள். நர்சிங் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தவள். வளைகுடா நாடு ஒன்றில் பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மெயிலில் உத்தரவு வந்திருந்தது. சம்மதம் என்று அவள் பதில் எழுதினால் போதும். ஆனால் விண்ணப்பித்த அதே மெயில் முகவரியிலிருந்துதான் எழுத வேண்டும், வியாழக்கிழமை மாலை நம் நேரம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அவள் விண்ணப்பித்தது எங்கள் கண்மாய் முகவரியிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை இரவே அவள் போனிலிருந்து பதில் அனுப்பியிருக்கிறாள். காலையில் அது திரும்பி வந்திருந்தது. 'உங்கள் சர்வர், ஸ்பாம் அனுப்புவோர் பட்டியலில் இருப்பதால் இந்தக் கடிதத்தை ஏற்க முடியாது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகத்தில் எங்கெங்கோ சிலர் உட்கார்ந்துகொண்டு, எந்தச் சர்வரிலிருந்து குப்பை மெயில்கள் வருகின்றன என்று ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பெரிய இடங்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் கடிதத்தை உள்ளே விடும். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால், நீங்கள் கையெழுத்துப் போட்ட நல்ல கடிதமாகவே இருந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருவர் செய்த தப்புக்கு அந்தச் சர்வரில் இருக்கும் அத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டும்.

போன் போட்டு மருத்துவமனையில் பேசிப் பார்த்தோம். போனில் எல்லாம் எதுவும் முடியாது, பதிவான முகவரியிலிருந்து மெயில் அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். மத்தியானம் அந்தப் பெண்ணின் அம்மா, புழுதிக் காலோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"தாயி, ஒங்க மிசினு எம்புள்ள காயிதத்தத் திருப்பி அனுப்பிருச்சாம்ல? அதுக்கிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"எங்க மிசினு அனுப்பலக்கா, அங்கன இருக்கவுகதேன் வாங்க மாட்டேங்கிறாக. வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிர்றேன், நீங்க கவலப்படாதீக."

வாய் சொல்லிவிட்டது. எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

உடனே தொண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். நம் சர்வரில் எவனோ திருடன் புகுந்து குப்பை அனுப்புகிறான், விடக்கூடாது என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை முழுக்கத் திருடனைத் தேடினேன். எல்லோரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அவ்வளவுதான், என் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். நயினார்கோவிலிலிருந்து பஸ் ஏறி ஒரு மாமா வந்து, "எனக்கு வர்றதே மாசத்துக்கு ஒரு மெயிலு, அதத் திருடி எவன் என்ன பண்ணப் போறான்?" என்று சண்டைக்கு நின்றார். அவருக்கும் ஒரு திட்டு கொடுத்துப் புதிய பாஸ்வேர்டு கொடுத்தேன்.

பதிவுகளில் லாட்டரி என்று தேடினேன், கடன் என்று தேடினேன், எழுதக் கூசும் வார்த்தைகளை எல்லாம் போட்டுத் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை. பக்கம் பக்கமாக என் பெயர்தான் வந்தது. அதை என் கண் தாண்டித் தாண்டிப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அழைப்பின் மேல் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. காதுகுத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடுவதை ஒருவர் குப்பை என்பார் என்று எங்கள் ஊரில் பிறந்த யாருக்குத் தோன்றும்? கூப்பிடாமல் விட்டால்தானே குற்றம்?

கடைசியில் திருடனைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். தொண்டி அண்ணன் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நண்டு வியாபாரிக்கு முகவரி திறந்து கொடுத்திருந்தார். அந்த ஆள் தினமும் வெளியூர்க் கம்பெனிகளுக்கு விலை கேட்டு இருபது முப்பது மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். போனை எடுத்தேன்.

"என்னண்ணே இது? வாரவன் போறவனுக்கெல்லாம் முகவரியத் தொறந்து குடுத்தா இப்புடித்தான் ஆகும். ஒரு பொம்பளப்புள்ள வேலை போகப்போகுது. ஒங்களால ஊரே பட்டியல்ல ஏறி நிக்கிது" என்று பொரிந்து தள்ளினேன்.

"சரி தங்கச்சி. அந்த நண்டுக்காரர நான் நிப்பாட்டி வக்கிறேன்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே பட்டியல்காரர்களுக்கு எழுதினேன். தப்புச் செய்தவரைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டோம், பெயரை எடுத்துவிடுங்கள் என்று. புதன்கிழமை மத்தியானம் பதில் வந்தது. உங்கள் இடத்திலிருந்து இன்று காலையும் அதே குப்பை வந்திருக்கிறது, முதலில் அதை நிறுத்துங்கள், பிறகு எழுதுங்கள் என்று இரண்டே வரி. புதன்கிழமை காலை என் இரண்டாவது அழைப்பு ஊர் உலகத்துக்கெல்லாம் போயிருந்ததை நான் அதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் தொண்டி அண்ணனே கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்கிற மாட்டியே?"

"சொல்லுங்கண்ணே."

"இல்ல... ஒன்னும் இல்லம்மா. அந்தப் பட்டியல்காரங்ககிட்ட, வந்த மெயில்ல ஒன்னக் காட்டுங்கன்னு கேட்டுப் பாத்தா என்ன?"

"நண்டுக்காரனோடதுதான் வந்திருக்கும். அதப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு நாளைக்கு ஐந்து மணி என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அவர் நண்டுக்காரரை நிறுத்திய பிறகும் குப்பை போயிருக்கிறதே என்றுகூட யோசிக்கத் தெரியவில்லை. பட்டியல்காரர்களுக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை இதில் இருக்கிறது என்று கெஞ்சி ஒரு கடிதம் எழுதினேன்.

வியாழக்கிழமை. காலை ஒன்பது மணியிலிருந்தே அந்தப் பெண்ணும் அம்மாவும் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மகள் சம்மதக் கடிதத்தை எழுதி, அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்தபடி இருந்தாள். நான் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கு எல்லாம் தலைகீழாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குப் பதில் வந்தது. இந்தத் தடவை எழுதியவர் ஒரு மனிதர், எங்களைப் போலவே சும்மா சேவையாக அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறவர். உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டபடி வந்த குப்பையில் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

திறந்தேன். பிள்ளையார் வந்தார். அவருக்குக் கீழே என் மகள் பெயர். அதற்குக் கீழே கிடா விருந்து நேரம்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நொடி காது இரண்டும் சூடாகிவிட்டது. பெஞ்சைப் பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்து, "என்ன தாயி, திருடன் ஆம்புட்டானா?" என்று கேட்டார்.

"ஆம்புட்டான்க்கா. நாந்தேன்" என்றேன்.

மறைத்திருக்கலாம். எப்படியோ வாயில் உண்மை வந்துவிட்டது. நடந்ததை அவர்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள், கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அம்மாதான் எனக்காகப் பேசினார்.

"காதுகுத்துக்குக் கூப்புட்டது ஒரு குத்தமா? நல்ல கூத்தா இருக்கே! வர இஷ்டமில்லன்னா வராம இருக்க வேண்டியதுதானே?"

உடனே லேப்டாப்பைத் திறந்து சனிக்கிழமைக்கு வைத்திருந்த மூன்றாவது அழைப்பை அழித்தேன். எடுத்து வைத்திருந்த முகவரிகளையும் மொத்தமாக அழித்தேன். பிறகு பட்டியல்காரருக்கு எழுதினேன். இந்தத் தடவை கெஞ்சவில்லை, சாக்குச் சொல்லவில்லை. குப்பை அனுப்பியது நான்தான், அனுமதி இல்லாமல் முகவரிகளை எடுத்தது தப்பு, எங்கள் ஊரில் ஒருவரைக் கூப்பிடாமல் விடுவது பெரிய அவமரியாதை என்பதால் எல்லோரையும் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டேன், இனி நடக்காது என்று நடந்தது நடந்தபடி எழுதினேன். என் தப்புக்கு ஒரு நர்ஸ் பெண் தண்டனை அனுபவிக்கிறாள் என்பதைக் கடைசி வரியில் சேர்த்தேன்.

பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி. மூன்று பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றேமுக்காலுக்குப் பதில் வந்தது. பெயரை எடுத்துவிட்டேன், அரை மணி நேரத்தில் எல்லா இடத்திலும் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். அதோடு விடவில்லை. ஆள் இல்லாத சில முகவரிகளைப் பொறியாக வைத்திருக்கிறார்களாம். ஆளில்லாத வீட்டுக் கதவைத் திருடன்தானே தட்டுவான், அதனால் அதில் மெயில் வந்தால் பட்டியலில் ஏற்றிவிடுவார்களாம். இத்தனை வருடத்தில் அந்தப் பொறியில் விழுந்த மெயில்களில் சாப்பாட்டு நேரம் எழுதியிருந்தது என்னுடையதுதான் முதலாவதாம். வர முடியாததற்கு வருந்துகிறேன், குழந்தைக்கு என் ஆசிகள் என்று முடித்திருந்தார். அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலே காலுக்கு ஒரு தடவை அனுப்பிப் பார்த்தாள். திரும்பி வந்தது. நாலரைக்குத் திரும்பவும் அனுப்பினாள். வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து, உங்கள் சம்மதம் கிடைத்தது என்று மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. அந்த அம்மா பெஞ்சை விட்டு எழுந்து, என் கம்ப்யூட்டர் திரையை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் ஒரு நல்ல வேடிக்கையாகப் போயிருக்கும். கடையைப் பூட்டும்போதுதான் அந்த வரி திரும்ப ஞாபகம் வந்தது: 'உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டபடி'. நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இருப்பதே இரண்டு பேர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தொண்டிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போகையில் திடீரென்று ஒன்று உறைத்தது. தொண்டி அண்ணனைக் காதுகுத்துக்கு அழைத்தேனா? நானும் அவரும் எப்போதும் போனில்தான் பேசுவோம். தன் பெட்டியிலிருந்து அவர் அதுவரை யாரோடும் மெயில் பரிமாறியதே இல்லை. அதனால் பதிவுகளிலிருந்து நான் எடுத்த முகவரிகளில் அவருடையது இல்லை. என் வீட்டுக்காரர் போன சொந்தக்காரர்கள் வரிசையிலும் இல்லை. அவருக்கென்ன, நம்ம ஆள்தானே, சொல்லிக்கலாம் என்று ஏதோ ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். பஸ் டிக்கெட் கம்பெனியை மூன்று தடவை அழைக்க ஏற்பாடு செய்த நான், என்னோடு சேர்ந்து சர்வர் நடத்துகிறவரை ஒரு தடவைகூட அழைக்கவில்லை. அழைக்காதது மட்டுமா, என் குற்றத்துக்கு அவரைத் திட்டியும் இருக்கிறேன்.

தொண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு பாத்திரக் கடையில் சின்னத் தாம்பாளம் ஒன்று வாங்கினேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வாங்கி அதில் வைத்தேன். பையில் கசங்கிக் கிடந்த ஒரு பத்திரிகையைக் கையால் தேய்த்து நிமிர்த்தி மேலே வைத்தேன். அவர் அப்போதுதான் கடையைத் திறந்து, ஒரு போனின் வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைத் தாம்பாளத்தோடு பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"மொதல்ல ஒக்காரு. வெயில்ல வந்திருக்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமையே அவருக்குத் தெரியுமாம். பதிவுகளைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்புடிம்மா சொல்றது? ஒன்னோட அழைப்புலதான் கொழப்பம்னு நான் சொன்னா, தனக்கு அழைப்பு வரலேங்குற கடுப்புல சொல்றான்னு நெனச்சிருவியோன்னு இருந்துச்சு. அழைப்பக் குத்திக் காட்டிக் கேட்டு வாங்குன மாதிரியும் ஆயிரும்ல?"

"என் கணக்கப் பூட்டியிருக்கலாமேண்ணே?"

"நல்ல காரியத்துக்குப் போற அழைப்ப என் கையால பூட்றதா? கை வரலம்மா. அந்தப் புள்ளயோட வேலையையும் விட்ற முடியாது. அதான், அந்தத் தங்கச்சிக்கு ஒரு மெயிலக் காட்டுங்க, அதுவே புரிஞ்சுக்கிரும்னு அவங்களுக்கு எழுதுனேன்."

என்னைக் காட்டிக் கொடுக்காமல், என் முகத்துக்கு நேராகக் குற்றம் சொல்லாமல், வேலையும் கெடாமல் அவர் கண்டுபிடித்த வழி அது. நான் தலையைக் குனிந்துகொண்டு தாம்பாளத்தை நீட்டினேன். வீட்டோடு வந்துவிட வேண்டும், கோயிலில் வெட்டுவதை நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்று தெரியும், உங்களுக்குத் தனியாகச் சைவச் சமையல் இருக்கும் என்று சொன்னேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ், வாரோம்" என்றார். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தப் பிள்ளையார நான் அஞ்சு நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஞாயித்துக்கெழமை பதிவுல மொதமொதல்ல பாத்தப்ப, நமக்கும் வந்திருக்கும்னு என் பொட்டியத் தொறந்து பாத்தேன். இல்ல. சரி, தப்பிப்போயி ஸ்பாம்ல விழுந்திருக்கும்னு அதுலயும் தேடுனேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார், வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் பதறிப்போய்ப் பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டு, "இதுக்குத்தான் நான் எதையும் சொல்றதில்ல" என்றார். அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. சனிக்கிழமை, முறைப்படி இன்னொரு தடவை போன் போட்டு ஞாபகப்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து ஜாம்ஜாம் என்று நடந்தது. என் தம்பி மடியில் உட்கார்ந்து என் மகள் போட்ட சத்தம் கண்மாயின் அந்தக் கரை வரைக்கும் கேட்டது. நர்ஸ் பெண்ணும் அம்மாவும் விடியற்காலையிலேயே வந்து வேலைகளை இழுத்துப் போட்டுச் செய்தார்கள். மெயில் அழைப்பைப் பார்த்து வந்தவர் ஒரே ஒருவர். ராமநாதபுரத்தில் ஒரு அலுவலகத்தில் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்க்கும் எழுத்தர். மனைவியோடு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இத்தனை வருடத்தில் மெயிலில் தன்னை எல்லோரும் கேள்விதான் கேட்டிருக்கிறார்கள், சாப்பிட வாங்க என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை என்றார். அவரைத் தொண்டி அண்ணன் குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு பந்திக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். மாதம் ஒரு மெயில் கண்மாய் முகவரியிலிருந்தே எழுதுகிறாள். நண்டு வியாபாரியிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டு அவர் கணக்கைத் திறந்து கொடுத்தேன். எங்கள் சர்வர் அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. ஆனாலும் எந்த வேலையிலாவது யாரையும் விடவில்லை, எல்லோருக்கும் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிறைவு வரும்போதெல்லாம், தொண்டியில் ஒரு மனிதர் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் ஸ்பாம் பெட்டிக்குள் என் அழைப்பைத் தேடிக்கொண்டிருப்பது கண்முன் வருகிறது. உடனே போனை எடுத்து, எனக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறவர்களிடமிருந்து சொல்ல ஆரம்பிக்கிறேன்.